தமிழ்நாட்டு நம்பர் வண்டிக்குப் பெங்களூரில் எத்தனை நாள்?

அத்திபெலே எல்லையில் காலை 6 மணிக்கு நின்று பார்த்தால் ஓசூர்ப் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிள்கள் சாரை சாரையாக வந்துகொண்டிருக்கும். முன்னால் டிபன் பாக்ஸ் பை தொங்கும். பின்னால் ஒருவர் தூங்கி வழிந்தபடி உட்கார்ந்திருப்பார்.

நம்பர் பிளேட்டைப் பார்த்தால் ஊர் தெரிந்துவிடும். டி.என். 70 என்றால் ஓசூர். டி.என். 24 கிருஷ்ணகிரி. டி.என். 29 தர்மபுரி. கொஞ்ச நேரம் நின்றால் சேலம், வேலூர், திருவண்ணாமலை வண்டிகளும் கண்ணில் படும்.

இவர்களில் பலர் மாலையில் வேலை முடிந்து ஊர் திரும்புகிறவர்கள். மற்றவர்கள் பெங்களூரிலேயே அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். ஊரில் ஓட்டிய வண்டியை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வகையினரின் மனதில் ஒரு பயம் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. "தமிழ்நாட்டு நம்பர் வண்டியை இங்கே எத்தனை நாள் ஓட்டலாம்?"

ஒருவர் 30 நாள் என்பார். இன்னொருவர் 6 மாதம் என்பார். மூன்றாமவர் "கேட்கிறவர் கேட்டால்தான்" என்று சிரிப்பார். ஆனால் சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது.

டீக்கடையில் கிடைத்த சேதி

தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்து வாலிபர் ஒருவர். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் லேத் ஆபரேட்டராக இருக்கிறார். ஷிப்டு வேலை. இரவு 10 மணிக்கு ஷிப்டு முடிந்தால் அறைக்குப் போக பஸ் கிடைப்பது கஷ்டம். அதனால் அக்காள் கணவரின் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தார். பணம் தவணையாகக் கொடுத்து முடித்துவிட்டார். வண்டி இங்கே வந்து 5 மாதம் ஆகிறது.

ஒரு நாள் டீக்கடையில் ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"முப்பது நாளுக்கு மேல் டி.என். வண்டி வைத்திருந்தால் பறிமுதல்தான், தம்பி. ரூ.12 ஆயிரம் கொடு. கே.ஏ. நம்பர் போட்டுத் தருகிறேன்."

வாலிபருக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. பழைய வண்டி. விற்றாலே ரூ.25 ஆயிரம் தேறுமா என்பது சந்தேகம். ஒரு வாரம் வண்டியை அறையிலேயே நிறுத்திவிட்டு, ஷிப்டு முடிந்து நடந்தே வந்தார்.

அதே பட்டறையில் 20 வருடமாக வேலை பார்க்கும் மூத்த தொழிலாளி ஒருவர் விஷயத்தைக் கேட்டார். அவர் கேட்ட கேள்வி வேறு.

"டி.என்.னா கே.ஏ.வா என்பது அப்புறம் இருக்கட்டும், தம்பி. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது?"

"மாமா பெயர்தான் அண்ணே."

"அதுதான் உனக்கு ஆபத்து. நம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது."

அவர் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. ஏன் என்று பார்ப்போம்.

சட்டம் சொல்வது 12 மாதம்

இன்று நடைமுறையில் உள்ளது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 1-7-1989 முதல் அமலுக்கு வந்தது.

இந்தச் சட்டப்படி ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வண்டி இந்தியா முழுவதும் செல்லும். தர்மபுரியில் பதிவான வண்டியைக் காஷ்மீரில் ஓட்டினாலும் அது பதிவான வண்டிதான். லைசென்சும் அப்படியே. தமிழ்நாட்டில் எடுத்த லைசென்சுக்குக் காலம் இருக்கும்வரை, பெங்களூருக்கு வந்ததற்காக வேறு லைசென்ஸ் எடுக்க வேண்டியதில்லை.

வேறு மாநிலத்திலேயே தங்கிவிடும் வண்டியைப் பற்றி 47-வது பிரிவு பேசுகிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கப்பட்டால், அந்த மாநிலத்தின் புதிய நம்பருக்கு விண்ணப்பிக்க வேண்டும். 12 மாதம் முடிந்தபின் விண்ணப்பம் கொடுக்க மேலும் 30 நாள் அவகாசம் உண்டு.

இதில் "வைத்திருக்கப்பட்டால்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஓசூரில் வீடு, பெங்களூரில் வேலை, தினமும் மாலையில் வண்டி ஓசூருக்குத் திரும்பிவிடுகிறது என்றால், அந்த வண்டி வைத்திருக்கப்படும் இடம் ஓசூர்தான். பெங்களூரிலேயே தங்கும் வண்டிக்குத்தான் 12 மாதக் கணக்கு.

கணக்கைக் காட்டும் பொறுப்பு வண்டிக்காரரைச் சேர்ந்தது. ஊரில் வண்டியை சர்வீஸ் செய்த ரசீது, அங்கே எடுத்த புகைச் சான்று, கார் என்றால் டோல் கட்டிய கணக்கு, கம்பெனியில் சேர்ந்த கடிதம் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. எந்தத் தேதியில் வண்டி எங்கே இருந்தது என்பதை இவை சொல்லும்.

30 நாள் கதை எப்படி வந்தது?

டீக்கடைக்காரர் சொன்ன 30 நாள் வெறும் கற்பனை அல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

கர்நாடக அரசு 2014-ல் தனது மோட்டார் வாகன வரிச் சட்டத்தைத் திருத்தியது. வெளிமாநில வண்டி 30 நாளுக்கு மேல் கர்நாடகத்தில் இருந்தால் ஆயுள் வரி முழுவதும் கட்ட வேண்டும் என்று அந்தத் திருத்தம் கூறியது. அப்போது பெங்களூரில் வெளிமாநில வண்டிகள் ரோட்டில் நிறுத்திச் சோதிக்கப்பட்டன. பலர் வரி கட்டினார்கள். பலர் கோர்ட்டுக்குப் போனார்கள்.

2016 மார்ச் மாதம் கர்நாடக ஐகோர்ட்டு, அந்தத் திருத்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மத்திய சட்டம் 12 மாதம் கொடுத்திருக்கும்போது மாநிலச் சட்டம் அதை 30 நாளாகக் குறுக்க முடியாது என்பதே விஷயம்.

தீர்ப்பு வந்தது பலருக்குத் தெரியாது. ஆனால் "30 நாள்" என்ற சொல் மட்டும் வாய்க்கு வாய் நிற்கிறது. அந்தச் சொல்லை வைத்துப் பணம் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வரி விஷயத்தில் கெடுபிடி கர்நாடகத்தில் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 2024 ஜூனில் தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை, வெளிமாநில நம்பரை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே ஓடிய ஆம்னி பஸ்களைத் தடுத்தது. வண்டி எங்கே ஓடுகிறதோ அங்கே வரி வர வேண்டும் என்பதில் எல்லா மாநிலங்களும் ஒன்றுதான்.

எம்.எஸ். முதல் டி.என். வரை

நம்பர் பிளேட்டு எழுத்துகளுக்கும் ஒரு கதை உண்டு. இன்று 50 வயது தாண்டியவர்களுக்குப் பழைய நம்பர்கள் நினைவிருக்கும். மெட்ராஸ் ராஜ்ய வண்டிகள் எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கின. மைசூர் ராஜ்ய வண்டிகள் எம்.ஒய். என்று தொடங்கின.

மெட்ராஸ் மாநிலம் 1969 ஜனவரியில் தமிழ்நாடு ஆனது. மைசூர் மாநிலம் 1973 நவம்பரில் கர்நாடகம் ஆனது. 1989-ல் புதிய சட்டம் வந்தபோது நாடு முழுவதற்கும் ஒரே முறை வந்தது. முதலில் மாநிலத்துக்கு இரண்டு எழுத்து. அடுத்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இரண்டு எண். அப்படித்தான் டி.என்., கே.ஏ., கேரளத்துக்குக் கே.எல்., புதுச்சேரிக்கு பி.ஒய். எல்லாம் வந்தன.

பெங்களூர் நகரில் 01 என்றால் கோரமங்களா ஆபீஸ். 02 ராஜாஜி நகர். 03 இந்திரா நகர். 04 எஷ்வந்தபுரம். 05 ஜெயநகர். நகரம் பெருத்தபின் 50 எலகங்கா, 51 எலக்ட்ரானிக் சிட்டி, 53 கே.ஆர்.புரம் என்று ஆபீஸ்கள் கூடின. குடியிருக்கும் முகவரி எந்த ஆபீஸ் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

நம்பர் பிளேட்டில் எழுத்து ஆங்கிலத்திலும், எண் 1, 2, 3 என்ற வழக்கமான முறையிலும் இருக்க வேண்டும் என்பது மத்திய விதி. 1-4-2019 முதல் புதிய வண்டிகள் அனைத்துக்கும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டு கட்டாயம். ரோட்டோரக் கடையில் எழுதி மாட்டும் காலம் போய்விட்டது.

முதலில் பெயர், பிறகு நம்பர்

இப்போது மூத்த தொழிலாளியின் கேள்விக்கு வருவோம்.

பழைய வண்டி வாங்கும் பலர், விற்றவரிடம் 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். பெயர் மாற்றுவதில்லை. "நம்ம மாமாதானே", "நம்ம சிநேகிதர்தானே" என்று விட்டுவிடுகிறார்கள்.

சட்டத்தின் கண்ணில் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வண்டியின் உரிமையாளர். 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு விபத்து வழக்கில் இதை உறுதி செய்தது. அந்த வழக்கில் வண்டி பல கை மாறிப் போயிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. "நான் எப்போதோ விற்றுவிட்டேன்" என்று முதல் ஆள் சொன்னார். எடுபடவில்லை. பதிவேட்டில் பெயர் உள்ளவர் நஷ்ட ஈட்டுப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பாயிற்று.

பொம்மசந்திராவில் வாலிபர் ஓட்டும் வண்டி யார் மீதாவது மோதினால், தர்மபுரியில் வயலில் நிற்கும் அக்காள் கணவர் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருக்கும். இன்சூரன்ஸ் காலாவதியாகி இருந்தால் நிலத்தையே விற்க வேண்டி வரலாம். வண்டி திருடு போனாலும் வாலிபருக்குச் சிக்கல்தான். போலீசில் புகார் கொடுக்கப் போனாலும், இன்சூரன்ஸ் பணம் கேட்டாலும், "வண்டி யாருடையது?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். நாள் கடந்தவர்களும் மாற்றிக்கொள்ளலாம். தாமதக் கட்டணம் சேரும். அவ்வளவுதான்.

விற்றவர், வாங்கியவர் இருவர் முகவரியும் ஊரிலேயே இருந்தால், முதலில் ஊர் ஆபீசிலேயே பெயரை மாற்றிக்கொள்வது சுலபம். நம்பர் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம்.

கே.ஏ. நம்பருக்கு என்ன செய்ய வேண்டும்?

பெங்களூரிலேயே நிலைத்துவிட்டவர்கள் நம்பரை மாற்றத்தான் வேண்டும். வரிசையாகச் செய்தால் புரோக்கர் தேவை இல்லை.

முதல் படி, ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் தடையில்லாச் சான்று வாங்குவது. "என்.ஓ.சி." என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இதற்கு 28-ம் எண் படிவம். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி கட்டிய ஆதாரம், சேஸிஸ் நம்பரின் பென்சில் பிரதி ஆகியவை வேண்டும். வண்டி மீது திருட்டு வழக்கு எதுவும் இல்லை என்ற போலீஸ் அறிக்கையும், வரி பாக்கி இல்லை என்பதும் பார்க்கப்படும். போக்குவரத்து அபராதம் பாக்கி இருந்தால் அதையும் முன்பே கட்டிவிடுவது நல்லது.

வண்டி பைனான்சில் இருந்தால், பைனான்ஸ் கம்பெனியின் சம்மதக் கடிதம் தேவை. கடன் முடிந்திருந்தால் 35-ம் எண் படிவத்தில் அவர்கள் கையெழுத்து வாங்கி, ஆர்.சி.யில் இருக்கும் அடமானக் குறிப்பை நீக்கிவிட வேண்டும். கடனைக் கட்டி முடித்தும் இந்தக் குறிப்பை நீக்காமல் விட்டவர்கள் இந்தப் படியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விண்ணப்பம் கொடுத்த 30 நாளுக்குள் ஆபீஸ் பதில் சொல்ல வேண்டும். மறுப்பு எதுவும் சொல்லாவிட்டால், சான்று கொடுத்துவிட்டதாகவே சட்டம் கருதுகிறது. ஆகவே விண்ணப்பத்தின் ரசீதைத் தொலைக்கக் கூடாது.

இரண்டாவது படி பெங்களூரில். 27-ம் எண் படிவத்தில் புதிய நம்பர் கேட்க வேண்டும். என்.ஓ.சி.யுடன் பெங்களூர் முகவரிக்கு ஆதாரமும் வேண்டும். இங்கேதான் அறையில் தங்கியிருப்பவர்களுக்குக் கஷ்டம். நாலு பேர் தங்கும் அறைக்கு வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தருவதில்லை. வீடு பிடிக்கும்போதே ஒப்பந்தம் எழுதிக் கேட்டு வாங்கிவிட்டால், வண்டிக்கு மட்டுமல்ல, ரேஷன், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் உதவும்.

வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப் பார்க்கப்படும்.

மூன்றாவது படி வரி. கர்நாடகத்தில் கார், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கு ஆயுள் வரி ஒரே தடவையாக வசூலிக்கப்படுகிறது. விகிதம் அதிகமாக உள்ள மாநிலங்களில் இதுவும் ஒன்று. ஆனால் வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்குப் புது வண்டியின் வரி முழுவதும் கேட்பதில்லை. வண்டியின் வயது ஏற ஏற வரி குறையும். வாங்கியபோது கொடுத்த பில் இருந்தால் கணக்குப் போடுவது சுலபம். அந்தப் பில்லை எறிந்துவிடக் கூடாது.

வரியைத் திரும்பக் கேட்கலாம்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்குரிய தொகையைத் திரும்பக் கேட்கலாம்.

கர்நாடகத்தில் வரி கட்டி, புது நம்பர் வாங்கியபின், அந்த ஆர்.சி.யின் பிரதி, வரி ரசீது ஆகியவற்றுடன் பழைய ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய வண்டிக்குத் தொகை சிறியதாக இருக்கலாம். இரண்டு, மூன்று வருட வண்டிக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமமாகக்கூட இருக்கும்.

நம்பர் மாறியதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, பாலிசியில் புது நம்பரைச் சேர்க்க வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் பாஸ்டேக் கணக்கிலும் நம்பரை மாற்ற வேண்டும்.

இவையெல்லாம் சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டிகளைப் பற்றியவை. மஞ்சள் போர்டு டாக்சி, லாரி ஆகியவற்றுக்குப் பர்மிட்டும் வரியும் தனி. அவற்றை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அடிக்கடி மாற்றலாகிறவர்களுக்கு

மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கும், பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்கும் இன்னொரு வழி உண்டு. ரெயில்வே, தபால், எச்.ஏ.எல்., பி.இ.எல். போன்றவற்றில் வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

2021 செப்டம்பர் 15 முதல் "பி.எச்." என்ற பாரத் வரிசை நம்பர் வந்திருக்கிறது. இதில் மாநில எழுத்தே கிடையாது. முதலில் பதிவான வருடம், அடுத்து பி.எச்., பிறகு எண். நாலு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் ஆபீஸ் உள்ள தனியார் கம்பெனி ஊழியர்களுக்கும் இந்த விதியில் இடம் உண்டு.

இதில் ஆயுள் வரியை ஒரேயடியாகக் கட்ட வேண்டியதில்லை. இரண்டு இரண்டு வருடமாகக் கட்டலாம். ஹூப்ளியிலிருந்து சேலத்துக்கும், சேலத்திலிருந்து பெங்களூருக்கும் மாற்றலாகும் ஒரு குமாஸ்தாவுக்கு, ஒவ்வொரு தடவையும் நம்பர் மாற்றும் அலைச்சல் மிச்சம்.

பட்டறைத் தொழிலாளிக்கும், கட்டட வேலைக்காரருக்கும், கடைச் சிப்பந்திக்கும் இந்தச் சலுகை இல்லை. ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைப்பவர்களில் பெரும் பகுதி அவர்கள்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

ரோட்டு நம்பரும் மாறிவிட்டது

என்.ஓ.சி.க்காகவோ பெயர் மாற்றத்துக்காகவோ ஊருக்கு வண்டியில் போகிறவர்கள், வழியில் இன்னொரு நம்பர் குழப்பத்தைச் சந்திக்கிறார்கள். அது ரோட்டு நம்பர்.

பழைய லாரி டிரைவர்களைக் கேட்டால், ஓசூர் ரோட்டை "ஏழாம் நம்பர்" என்பார்கள். கோலார் வழியாகச் சென்னைக்குப் போகும் ரோடு "நாலாம் நம்பர்". மங்களூர் ரோடு "நாற்பத்தெட்டு". ஆனால் இப்போது போர்டில் 48 என்று பார்த்துத் திரும்பினால் மங்களூர் வராது!

2010-ல் மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைகளின் நம்பர்களை மாற்றி அமைத்தது. வடக்கு தெற்காகப் போகும் பெரிய சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கு மேற்காகப் போகிறவற்றுக்கு ஒற்றைப்படை எண். மூன்று இலக்கம் என்றால் கிளைச் சாலை. அதன் கடைசி இரண்டு எண் தாய்ச்சாலையைக் காட்டும்.

பெங்களூர்த் தமிழர்கள் ஊருக்குப் போகும் வழிகளின் இன்றைய நம்பர்கள் வருமாறு:-

தர்மபுரி, சேலம், நாமக்கல், மதுரை, நெல்லைக்காரர்களுக்கு 44. பழைய 7-ம் நம்பர் இதில் அடக்கம். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் இது 3,700 கி.மீ.க்கு மேல் நீளமுள்ளது. பெங்களூரிலிருந்து ஓசூர் சுமார் 40 கி.மீ. கிருஷ்ணகிரி சுமார் 90 கி.மீ.

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், சென்னைக்காரர்களுக்கு, கிருஷ்ணகிரியில் பிரியும் 48. டெல்லியிலிருந்து மும்பை, பெங்களூர் வழியாகச் சென்னைக்கு வரும் சாலை இது. கிருஷ்ணகிரி - ராணிப்பேட்டை பகுதி முன்பு 46.

ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சிக்காரர்களுக்கு, அதே கிருஷ்ணகிரியில் பிரியும் 77. முன்பு இது 66.

பேரணாம்பட்டு, குடியாத்தம்காரர்களுக்குக் கோலார், முல்பாகல் வழியாக 75. மங்களூர் ரோடும் இப்போது இதே 75-தான்.

சத்தியமங்கலம், கோவைக்காரர்களுக்குக் கனகபுரா, கொள்ளேகால், சாமராஜநகர் வழியாக 948. முன்பு 209. இதில் திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். புலிகள் காப்பகம் என்பதால் 2022 பிப்ரவரியிலிருந்து பண்ணாரி - காரப்பள்ளம் இடையே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. இரவு ஷிப்டு முடித்துப் புறப்படுகிறவர்கள் சேலம் வழியாக 44-ல் போய், அங்கிருந்து 544-ல் கோவைக்குத் திரும்புவது நல்லது.

மோட்டார் சைக்கிளுக்கு தேசிய நெடுஞ்சாலை டோல் கிடையாது.

எழுத்தைப் பார்த்துக் கல் எறிந்த நாள்

நம்பர் பிளேட்டைப் பற்றிப் பேசும்போது 2016 செப்டம்பர் 12-ந் தேதியைப் பெங்களூர்த் தமிழர்கள் மறப்பதில்லை.

காவிரியில் தண்ணீர் விடச் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு உத்தரவை ஒட்டிக் கலவரம் மூண்டது. அன்று வன்முறைக் கும்பல் பார்த்தது வண்டியின் முதல் இரண்டு எழுத்தை மட்டும்தான். டி.என். என்றிருந்தால் கல், தீ. கே.பி.என். டிராவல்சின் டெப்போவில் நின்ற சுமார் 40 பஸ்கள் எரிந்தன. நகரில் 16 போலீஸ் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போடப்பட்டது.

தமிழ்நாட்டில் இதேபோல் கே.ஏ. வண்டிகளும் தாக்கப்பட்டன. இரண்டு பக்கமும் அடி வாங்கியவர்கள் காவிரிக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத பயணிகள், டிரைவர்கள்.

எல்லையில் பஸ்கள் நின்றுபோயின. மூட்டை முடிச்சுகளைத் தலையில் வைத்துக்கொண்டும், குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டும் ஜனங்கள் அத்திபெலேயிலிருந்து ஜூஜூவாடிக்கு நெடுஞ்சாலையிலேயே நடந்தார்கள்.

அந்த நாளுக்குப் பிறகு, "கே.ஏ. நம்பர் இருந்தால் பத்திரம்" என்ற எண்ணம் பலருக்கு வந்தது. 1991 டிசம்பர் கலவரத்தைப் பார்த்த முதியவர்கள் அதற்கு முன்பே அப்படித்தான் சொல்லி வந்தார்கள். அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அவசரத்தில் செய்யும் காரியம் ஆபத்து. பதிவு மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றி எழுதிக்கொள்வது குற்றம். ஆர்.சி.யில் ஒரு நம்பர், வண்டியில் ஒரு நம்பர் என்றால் போலீஸ் கண்ணில் அது திருட்டு வண்டி.

வருடத்தில் மற்ற நாட்களில் டி.என். வண்டியும் கே.ஏ. வண்டியும் சில்க் போர்டு சந்திப்பில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. எந்த ஊர்ப் பதிவேட்டில் வண்டி எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அந்த இரண்டு எழுத்து சொல்கிறது. ஓட்டுகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்பதை அது சொல்வதில்லை.

வாலிபர் என்ன செய்தார்?

பொம்மசந்திரா வாலிபர் டீக்கடைக்காரரிடம் ரூ.12 ஆயிரம் கொடுக்கவில்லை. மூத்த தொழிலாளி சொன்னபடி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார்.

வண்டி வந்து 5 மாதம். இன்னும் 7 மாதம் இருக்கிறது. அதற்குள் ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தால் நம்பரை மாற்றவே வேண்டாம். கிடைக்காவிட்டால் என்.ஓ.சி. வாங்கிக் கே.ஏ. நம்பருக்குப் போவது. ஆனால் பெயரை மட்டும் இப்போதே மாற்றிவிடுவது.

லீவு போட்டு 44-ம் நம்பர் ரோட்டில் ஊருக்குப் போனார். அக்காள் கணவரைக் கூட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார். தாமதக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. கட்டினார்.

"எனக்கும் இப்போதுதான் நிம்மதி, மாப்பிள்ளை" என்றார் அக்காள் கணவர்.

சில வாரங்களில் புது ஆர்.சி. வந்தது. இன்சூரன்சும் மாறியது. இப்போது இரவு ஷிப்டு முடிந்து வண்டியில்தான் அறைக்குப் போகிறார். சோதனையில் நிறுத்தினால் வண்டியை ஓரமாக நிறுத்தி, பையிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டுகிறார்.

பிளேட்டில் இருப்பது டி.என். 29-தான். ஆர்.சி.யில் இருப்பது அவர் பெயர்.